ஒரே ஊரை ஆயுள் முழுக்க வரைவது எப்படி

ஆங்கிலேய ஓவியர் எல். எஸ். லௌரியின் குடும்பம் 1909-ல் பென்டில்பரிக்குக் குடிபோனபோது அவருக்கு அந்த இடம் அறவே பிடிக்கவில்லை. இங்கிலாந்தின் சால்ஃபோர்டை ஒட்டிய பகுதி அது. நூற்பாலைகள், புகைபோக்கிகள், ஒரே அச்சில் வார்த்த வரிசை வீடுகள். பணமுடையால் வசதியான பகுதியை விட்டு இறங்கி வந்திருந்த குடும்பம். அந்த வெறுப்பு சில ஆண்டுகளில் ஆர்வமாகி, கடைசியில் வேறெதையும் வரையத் தோன்றாத பித்தாகவே ஆகிவிட்டது என்று அவரே சொல்லியிருக்கிறார். 1910 முதல் 1952 வரை வாடகை வசூலிக்கும் வேலை. பகலெல்லாம் தெருத்தெருவாக நடை, கையில் சிக்கிய தாளில் பென்சில் குறிப்பு, ராத்திரி அம்மா தூங்கிய பிறகு கேன்வாஸ். 1948 வரை அதே வீடு.

நகரமும் ஓவியரும் என்று பேச்சு வந்தாலே காதல் என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். காதல் ரொம்பப் பிந்தி வருகிறது. அதற்கு முன்னால் வருவது போன இடத்துக்கே மறுபடி போவது, வரைந்த சுவரையே மறுபடி வரைவது. ஊர் பிடித்த பிறகு வரையலாம் என்று காத்திருப்பவர்கள் பெரும்பாலும் வரைவதே இல்லை. ஆகவே இந்தப் பதிவில் உணர்ச்சியைப் பற்றிக் கொஞ்சமும், வேலையைப் பற்றி நிறையவும் எழுதுகிறேன்.

முதல் வேலை, எல்லையைச் சுருக்குவது. ஓவியர் ஃபிராங்க் அவுர்பாக் 1954-ல் லண்டனின் மார்னிங்டன் கிரசென்டில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போனார். 2024-ல் 93 வயதில் இறக்கும்வரை அந்த ஸ்டூடியோவைச் சுற்றித்தான் அவருடைய உலகம். கேம்டன் தெருக்கள், பக்கத்திலிருக்கும் பிரிம்ரோஸ் ஹில், போருக்குப் பிறகு எழும்பிக்கொண்டிருந்த கட்டடத் தளங்கள். காலையில் வெளியே போய்க் கோட்டோவியம் போட்டுவந்து, அதைப் பார்த்து உள்ளே வண்ணம் தீட்டுவார். சரிவரவில்லை என்றால் பூசியதை எல்லாம் சுரண்டிவிட்டு முதலிலிருந்து தொடங்குவார். எழுபது ஆண்டுகளுக்கு அந்தச் சில தெருக்கள் போதுமானதாக இருந்தன.

நகரம் முழுவதையும் வரையப் புறப்பட்டால் ஒவ்வொரு இடத்தையும் ஒரு முறைதான் பார்ப்போம். முதல் பார்வையில் தெரிவது எல்லோருக்கும் தெரிவதுதான். நாலைந்து இடம் போதும். வீட்டிலிருந்து இருபது நிமிட நடைக்குள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மூன்றாவது மாதம் போகமாட்டோம். யார் வழியையும் மறிக்காமல் இரண்டு மணி நேரம் நிற்கவோ உட்காரவோ இடம் வேண்டும். பார்வையில் சீக்கிரம் மாறாத ஒரு பொருளும், அடிக்கடி மாறும் ஒரு பொருளும் இருக்க வேண்டும். பழைய பாலமும் அதன் கீழே மாறிக்கொண்டே இருக்கும் கூட்டமும் என்பது மாதிரி. மாறாததுதான் அளவுகோல். அது இல்லாமல் பத்து வருடம் கழித்து இரண்டு படங்களை அருகருகே வைத்தால் எது நகர்ந்தது, எது நம் கை நடுக்கம் என்று சொல்லவே முடியாது.

ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் அட்டை வைத்துக்கொள்ளுங்கள். நின்ற இடம், பார்த்த திசை, கண்ணின் உயரம், தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், வானம் எப்படி இருந்தது. நின்ற இடத்தைத் துல்லியமாக எழுத வேண்டும். "பாலத்தருகே" என்று எழுதினால் பயனில்லை. "படியின் மேல்தட்டு, இடது கைப்பிடித் தூணிலிருந்து இரண்டு அடி" என்று எழுதினால்தான் அடுத்த முறை அதே கோணம் கிடைக்கும். இரண்டடி தள்ளி நின்றாலே முன்னால் இருக்கும் கம்பம் பின்னால் இருக்கும் ஜன்னலை மறைத்துவிடும்.

கண்ணின் உயரத்தை ஏன் குறிக்கச் சொல்கிறேன் என்றால், தெருப் படங்கள் கெட்டுப்போவது பெரும்பாலும் அங்கேதான். சமதளத்தில் நின்று பார்க்கும்போது, நம் உயரத்தில் இருக்கும் எல்லோருடைய தலையும் கண் மட்டக் கோட்டிலேயே, அதாவது நம் கண்ணின் உயரத்தில் தாளில் கிடையாக ஓடும் கோட்டிலேயே விழும். பத்தடி தூரத்தில் இருப்பவர், நூறடி தூரத்தில் இருப்பவர் இருவருக்கும் தலை ஒரே கோட்டில்தான். மாறுவது பாதம் மட்டும். பக்கத்தில் இருப்பவர் பாதம் தாளில் கீழே இறங்கும், தூரத்தில் இருப்பவர் பாதம் கோட்டை நோக்கி ஏறும். ஸ்டூலில் உட்கார்ந்தால் அந்தக் கோடு நிற்பவர்களின் மார்பு மட்டத்துக்கு இறங்கிவிடும். மாடியிலிருந்து பார்த்தால் எல்லாத் தலையும் கோட்டுக்குக் கீழே போய்விடும். பாதி வரைந்தபின் கால் வலிக்கிறதென்று உட்கார்ந்துவிட்டுத் தொடர்ந்தால், ஒரே தெருவில் இரண்டு கூட்டம் தெரியும். ஒன்று தரையில் நடக்கும், மற்றது மிதக்கும். உட்கார்ந்துதான் ஆக வேண்டும் என்றால் தொடக்கத்திலேயே உட்கார்ந்துகொள்ளுங்கள்.

லௌரி பெரும்பாலும் கண் மட்டத்தை நன்றாக உயர்த்திவைத்தார். தரை அகலமாக விரியும், ஆட்கள் ஒருவரை ஒருவர் மறைக்கமாட்டார்கள், ஐம்பது பேரை ஒரே படத்தில் தனித்தனியாக நடக்கவிடலாம். அவருடைய ஆட்களைக் குச்சி மனிதர்கள் என்று தள்ளிவிடுகிறவர்கள் கால்களைப் பார்ப்பதில்லை. உடல் முன்னால் சாய்ந்திருக்கும், பூட்ஸ் பெரிதாக, கனமாக இருக்கும். ஆலை சங்கு ஊதிய பிறகு நடக்கும் நடை அது. நீங்கள் வரையும்போதும் முதலில் தலைப்புள்ளியை வையுங்கள், பிறகு பாதம் எங்கே என்று பாருங்கள், நடுவே உடலை ஒரே இழுப்பில் போடுங்கள். இரண்டு காலையும் ஒரே நீளத்தில் போட்டால் ஆள் நின்றுவிடுவார். ஒரு காலைக் கொஞ்சம் குட்டையாக விட்டால் நடப்பார். முகம் தேவையே இல்லை.

கட்டடங்களுக்கு வருவோம். தெருமூலைக் கட்டடம் எல்லோரையும் இழுக்கும், எல்லோரையும் கவிழ்க்கும். அதற்கு இரண்டு மறைபுள்ளிகள், அதாவது தூரம் போகப்போகச் சுவர்க்கோடுகள் ஒன்றுசேரும் புள்ளிகள்: இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. இரண்டையும் தாளுக்குள்ளேயே அடக்கிவிட வேண்டும் என்ற ஆசையில்தான் தவறு நடக்கிறது. அப்படி அடக்கினால் மூலை கப்பல் மூக்கு போல நம் மேலே பாய்ந்து வரும். ஒரு புள்ளி தாளுக்கு வெளியே, சில சமயம் இரண்டுமே வெளியே இருப்பதுதான் இயல்பு. தலையைத் திருப்பாமல் தெரிவதை மட்டும் ஒரு தாளில் வரையுங்கள். திருப்ப வேண்டியிருந்தால் அது அடுத்த தாள். பென்சிலை நீட்டி அளக்கும்போது முழங்கை மடங்கக் கூடாது, ஒரு கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். முழங்கை மடங்கினால் பென்சில் கண்ணுக்குக் கிட்டே வந்து, கோபுரம் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு உயரம் காட்டும்.

நான் பரிந்துரைக்கும் வரிசை இது: முதலில் கண் மட்டக் கோடு, அடுத்து மிகப் பெரிய செங்குத்துக் கோடு ஒன்று, பிறகு கட்டடங்களுக்கு இடையே தெரியும் வானத்தின் வடிவம். வானத்தை ஒரு துண்டாகப் பார்த்து அதன் ஓரத்தை வரைந்தால் கூரைகள் தானாகச் சரியான இடத்தில் உட்காரும். அதன் பின் உடனே நிழல். சூரியன் மணிக்கு 15 பாகை நகர்கிறது, ஆகவே இரண்டு மணி நேர வேலையில் அது 30 பாகை நகர்ந்து, நிழலும் இடம் மாறிவிடும். தொடக்கத்தில் இடது சுவரின் நிழலையும் முடிவில் வலது சுவரின் நிழலையும் போட்டவர் படத்தில் இரண்டு சூரியன் இருக்கும். முதல் பத்து நிமிடத்துக்குள் நிழல்களின் எல்லையை மெல்லிய கோடாகக் குறித்துவிட்டு, பிறகு சூரியன் எங்கே போனாலும் அந்தக் கோட்டையே நம்புங்கள். பிரெஞ்சு ஓவியர் மோனே 1892-லும் 1893-லும் ரூவான் தேவாலயத்துக்கு எதிர் ஜன்னல்களில் நின்று வரைந்தபோது, வெளிச்சம் மாறினால் கேன்வாஸை மாற்றினார். முப்பதுக்கு மேற்பட்ட படங்கள், அநேகமாக எல்லாம் ஒரே முகப்பு. ஒரு வெளிச்சத்துக்கு ஒரு தாள் என்ற விதியை அதைவிடத் தெளிவாக யாரும் காட்டவில்லை.

லௌரி இந்தச் சிக்கலை வேறு விதமாகக் கடந்தார். அவர் படங்களில் நிழல் அநேகமாகக் கிடையாது. அதனால் மணி என்னவென்றும் தெரியாது. வெள்ளையான ஒரு வெளியில் கட்டடமும் ஆட்களும் நிற்கிறார்கள், அவ்வளவுதான். அந்த வெள்ளையைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரு நகரத்தோடு கொள்ளும் உறவு வண்ணத்தட்டில் எப்படித் தெரியும் என்பதற்கு இதுதான் நல்ல சான்று.

மாலை வகுப்புகளில் அவருக்குப் பாடம் சொன்னவர்களில் பியர் அடோல்ஃப் வாலெட் ஒருவர், மான்செஸ்டரின் புகைமூட்டத்தைத் தானும் வரைந்த பிரெஞ்சுக்காரர். லௌரியின் தொடக்கப் படங்கள் கறுத்து இருண்டவை. அந்தப் பகுதி நிஜமாகவே இருண்டது என்பதால் அதில் அவருக்குத் தவறு தெரியவில்லை. ஆட்கள் பின்னணியில் கரைந்துபோகிறார்கள், வெளிர் பின்னணியில் வரை என்று ஒரு விமர்சகர் சொன்ன பிறகு ஃப்ளேக் ஒயிட்டைத் தடிமனாகப் பூசி அதன்மேல் வரைய ஆரம்பித்தார். அத்தோடு நிற்கவில்லை. சின்ன மரப்பலகையில் அந்த வெள்ளையைப் பல பூச்சு பூசி, காயவைத்து, மூடி ஆறேழு ஆண்டுகள் அப்படியே வைத்தார். பிறகு இன்னொரு பலகையில் புதிதாகப் பூசிப் பழையதோடு ஒப்பிட்டார். பழையது பாலாடையும் சாம்பலும் கலந்த வெள்ளையாக மாறியிருந்தது. தனக்கு வேண்டிய நிறம் அதுதான் என்று தெரிந்துகொண்டார். இப்போது பளிச்சென்று இருக்கும் படம் தான் போன பிறகு சரியாகும் என்று கணக்குப் போட்டு வரைந்திருக்கிறார். நகரத்தின் காற்று நிறத்தைப் பிடிக்க ஆறேழு ஆண்டு காத்திருக்கும் பொறுமையைத்தான் நான் உறவு என்பேன்.

அவருடைய தட்டில் ஐந்தே நிறங்கள்: ஃப்ளேக் ஒயிட், ஐவரி பிளாக், வெர்மிலியன், பிரஷ்யன் ப்ளூ, எல்லோ ஓக்கர். இதை யாரும் பயிற்சியாக எடுத்துக்கொள்ளலாம், ஆனால் இரண்டு நிறங்களை மாற்றியாக வேண்டும். ஃப்ளேக் ஒயிட் ஈயம், அசல் வெர்மிலியன் பாதரசச் சேர்மம். இரண்டும் நஞ்சு. ஃப்ளேக் ஒயிட்டுக்குப் பதில் டைட்டானியம் ஒயிட் எடுத்துக்கொள்ளலாம். அது இன்னும் குளிர்ச்சியான வெள்ளை, மற்ற நிறங்களை விழுங்கிவிடும், அதனால் கொஞ்சமாக எடுக்க வேண்டும். வெர்மிலியனுக்குப் பதில் பைரோல் வகைச் சிவப்பு, ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்ததாகப் பார்த்து வாங்கினால் போதும்.

கலவையைச் சொல்கிறேன். கறுப்பில் வெள்ளை கலந்தால் கிடைக்கும் சாம்பல் இயல்பிலேயே நீலம் அடிக்கும், ஆகவே தூரத்துக் கட்டடத்துக்கு நீலம் எடுக்கவே தேவையில்லை. அந்தச் சாம்பலில் ஓக்கர் ஒரு துளி விட்டால் அதே தூரத்துச் சுவரில் வெயில் பட்ட மாதிரி ஆகும். ஓக்கரோடு கறுப்பு சேர்த்தால் மங்கிய பச்சை வரும். நகரத்து மரங்களுக்கு, அதாவது தூசி படிந்த இலைகளுக்கு, ட்யூபில் வரும் பச்சையைவிட இது பொருந்தும். சிவப்பு ஒரு பங்கு, ஓக்கர் இரண்டு பங்கு, கறுப்பு ஒரு துளி என்றால் செங்கல். அதிலேயே வெள்ளை கலந்தால் வெளுத்த செங்கல். பிரஷ்யன் ப்ளூ கையை மீறும் நிறம். பத்துப் பங்கு வெள்ளைக்குக் கால் பங்கு நீலம் போட்டாலே வானம் கடுநீலமாகிவிடும். கத்தி நுனியில் எடுத்து வெள்ளைக்குள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும், நீலத்துக்குள் வெள்ளையைக் கொட்டக் கூடாது. அப்படிச் செய்தால் வேண்டிய வானம் வருவதற்குள் ட்யூப் பாதி காலியாகும்.

ஆயில் பெயின்ட்டில் இன்னொரு எச்சரிக்கை. ஐவரி பிளாக் எண்ணெயை நிறையக் குடிக்கும், மெதுவாகக் காயும். கறுப்பைத் தடிமனாகக் கீழே பூசி, அதன்மேல் வேகமாகக் காயும் பூச்சு வைத்தால் சில ஆண்டுகளில் மேல்பூச்சு வெடிக்கும். கீழே எண்ணெய் குறைவு, மேலே எண்ணெய் அதிகம் என்ற பழைய விதி இங்கே உயிர்நாடி. கீழ்ப்பூச்சுக்கு டர்பென்டைன் கலந்த மெல்லிய வண்ணமும், மேல்பூச்சுக்கு அப்படியே ட்யூப் வண்ணமும் வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

ஐந்து நிறத்தை வைத்து ஒரு வருடம் ஒரே ஊரை வரைந்து பாருங்கள். நிறங்களை நினைவில் வைத்துக்கொள்வது அப்போதுதான் கைவரும். தெருவில் நின்று "சிவப்பு 1, ஓக்கர் 2, கறுப்பு துளி" என்று எழுதிக்கொண்டால் வீட்டில் அதே செங்கலை மறுபடி கலக்கலாம். இருபது நிறம் வைத்திருப்பவரால் இப்படிக் குறிப்பு எழுதவே முடியாது.

நகரத்தோடு வாழ்ந்தவர்களில் எனக்கு மிகவும் நெருக்கமானவர் ஜப்பானிய மரக்கட்டை அச்சு ஓவியர் ஹிரோஷிகே. 1797-ல் எடோவில், அதாவது இன்றைய டோக்கியோவில் பிறந்தவர். தீயணைப்புப் பணி செய்த குடும்பம், அந்தப் பொறுப்பு சிறு வயதிலேயே அவர் தலையில் விழுந்தது. மர வீடுகளால் ஆன, அடிக்கடி பற்றி எரியும் நகரத்தில் அது சாதாரணப் பணியல்ல. 1855 நவம்பரில் பெரும் நிலநடுக்கம் எடோவைப் புரட்டிப்போட்டது. அடுத்த ஆண்டே, கிட்டத்தட்ட அறுபது வயதில், எடோவின் புகழ்பெற்ற நூறு காட்சிகள் என்ற வரிசையைத் தொடங்கினார். 1858-ல் இறக்கும்வரை அதில்தான் இருந்தார். நூறு என்ற பெயரோடு தொடங்கியது நூறைத் தாண்டிப் போனது. இடிந்த நகரத்தை அவர் இடிந்ததாக வரையவில்லை. பருவங்கள் மாற, மழை வர, ஆட்கள் பாலம் கடக்க, நகரம் நடந்துகொண்டிருப்பதாக வரைந்தார். வாழ்நாள் முழுக்கப் பார்த்த ஊர் கண்ணுக்குள் இருந்ததால்தான் அது முடிந்தது.

அந்த வரிசையில் கற்க வேண்டிய உத்தி முன்பொருள். தாள் செங்குத்து, சுமார் 36 செ.மீ. உயரம், 24 செ.மீ. அகலம். அகலமான நகரக் காட்சியை ஒடுக்கமான தாளில் அடக்க, முன்னால் ஒரு பொருளை மிகப் பெரிதாக வைத்து ஓரத்தில் வெட்டிவிடுவார். காமெய்டோவின் பிளம் தோட்டத்தில் ஒரு மரக்கிளை படத்தையே குறுக்கே அடைத்து நிற்கிறது. ஆட்கள் அதன் பின்னால் எறும்பளவு. நீங்கள் முயன்றால் ஒரு தவறு நிச்சயம் வரும்: முன்பொருளும் பின்காட்சியும் ஒரே அழுத்தத்தில் வந்து இரண்டும் ஒட்டிக்கொள்ளும். முன்பொருள் அழுத்தம், பின்னால் இருப்பது வெளிர், நடுவே இரண்டும் இல்லாத ஒரு வெற்றுப் பட்டை. அந்தப் பட்டைதான் தூரத்தைக் காட்டும். முன்பொருளைத் தாளின் நடுவில் வைக்காதீர்கள். இரண்டு ஓரங்களையாவது அது வெட்ட வேண்டும்.

ஷின்-ஓஹாஷி பாலத்தில் திடீர் மழை என்ற 1857-ன் படத்தில் மழைக் கோடுகள் ஒரே சாய்வில் இல்லை. இரண்டு சாய்வுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால் மழை அசைகிறது. மேலே வானத்தில் கறுப்பு கீழே வரவரக் கரைகிறது. அச்சுக்காரர் மரக்கட்டையை ஈரமாக்கி, ஓரத்தில் மட்டும் மை வைத்து, தூரிகையால் ஈரத்துக்குள் இழுத்துவிட்டு அச்சிடும் பொகாஷி முறை அது. வாட்டர் கலரில் அதையே செய்யலாம்: தாளின் மேல்பாதியைச் சுத்தத் தண்ணீரால் நனைத்து, மினுமினுப்பு அடங்கும் வரை பொறுத்து, மேல் ஓரத்தில் அடர்த்தியான நிறத்தை ஓர் இழுப்பில் வைத்து, தாளைச் சாய்த்துவிட வேண்டும். தண்ணீர் குளமாக நிற்கும்போது வைத்தால் நிறம் எங்கும் ஓடி வெளுத்துவிடும். பாதி காய்ந்த பிறகு மறுபடி பிரஷ்ஷால் தொட்டால் காலிஃபிளவர் மாதிரிக் கறை விழும், அதை எடுக்கவே முடியாது.

அடுத்து, உண்மை. பதினெட்டாம் நூற்றாண்டு ஓவியர் கானலெட்டோ வெனிஸின் கால்வாய்களை வரைந்த விதம் கண்ணாடி போலத் துல்லியம் என்று நம்புகிறோம். கேமரா அப்ஸ்க்யூரா, அதாவது எதிரே இருக்கும் காட்சியை உள்ளே விழவைக்கும் இருட்டுப் பெட்டியின் உதவியோடு வரைந்த குறிப்பேடு இன்றும் வெனிஸில் இருக்கிறது. ஆனால் ஓவியங்களில் அவர் இரண்டு மூன்று இடங்களில் நின்று பார்த்ததை ஒன்றாக இணைத்தார், கட்டடங்களைச் சற்றே நகர்த்தினார், அகலப்படுத்தினார். லௌரியும் பல படங்களில் பாதி நிஜத்தையும் பாதி கற்பனையையும் சேர்த்தே கட்டினார். இதில் தவறில்லை. நகரத்தோடு பல காலம் இருப்பவருக்கு ஒரு பார்வைக்கோணம் போதாமல் போவது இயற்கை.

ஆனால் கானலெட்டோ நகர்த்தாத ஒன்றைப் பாருங்கள். கால்வாய்ச் சுவர்களில் தண்ணீர் ஏறி இறங்கும் இடத்தில் படியும் பாசியின் கோடு. அதை அவரும் அவருடைய சகோதரியின் மகன் பெல்லோட்டோவும் கண்ணில் கண்டபடியே போட்டார்கள். இருநூற்றைம்பது ஆண்டுகள் கழித்து ஆய்வாளர்கள் அந்தக் கோட்டை இன்றைய பாசிக் கோட்டோடு ஒப்பிட்டு, வெனிஸில் நீர்மட்டம் அரை மீட்டருக்கும் மேல் ஏறியிருப்பதைக் கணித்தார்கள். பெல்லோட்டோ பிற்காலத்தில் வரைந்த வார்சா காட்சிகளோ, இரண்டாம் உலகப் போரில் தரைமட்டமான அந்த நகரத்தைத் திரும்பக் கட்டியபோது வழிகாட்டியாயின.

ஆகவே என் விதி இது. தெருவின் அகலத்தை மாற்றலாம், மரத்தை நகர்த்தலாம், கூட்டத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். மாடிகளின் எண்ணிக்கை, ஜன்னல்களின் எண்ணிக்கை, சுவரில் நீர்க்கறையின் உயரம், பெயர்ப்பலகையின் எழுத்து, கூரையின் சாய்வு இவற்றில் கைவைக்கக் கூடாது. ஓவியத்தில் மாற்றியே ஆக வேண்டுமென்றால் குறிப்பேட்டிலாவது மாற்றாத பதிப்பு ஒன்று இருக்கட்டும்.

குறிப்பேடு ஐம்பது ஆண்டுகள் தாங்க வேண்டும் என்றால் பொருட்களில் கவனம் வேண்டும். செய்தித்தாள் வகைத் தாள் சில ஆண்டுகளிலேயே மஞ்சளாகி நொறுங்கும். அமிலமற்ற தாள் எடுங்கள். பென்சிலுக்கு 120 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) போதும். மெல்லிய வாஷ், அதாவது தண்ணீர் கலந்த நிறப்பூச்சு போடுவீர்கள் என்றால் 200, நன்றாக நனைப்பீர்கள் என்றால் 300. அதற்குக் குறைந்தால் தாள் அலை அலையாக எழும்பி நிறம் பள்ளங்களில் தேங்கும். பால்பாயின்ட் பேனாவும் சாதாரண மார்க்கரும் சாய மை, வெளிச்சத்தில் வெளுக்கும். பிக்மென்ட் மை, தண்ணீரில் கரையாதது என்று பார்த்து வாங்குங்கள். மென்மையான பென்சில், அதாவது 4பி-க்கு மேல், எதிர்ப்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். வேலை முடிந்ததும் பென்சில் தூள் ஒட்டாமல் காக்கும் ஃபிக்ஸேட்டிவ் தெளிப்பானை ஓர் அடி தூரத்திலிருந்து, திறந்த வெளியில், மெல்லியதாக இரண்டு முறை அடிக்க வேண்டும். ஒரே தடவையில் நனைத்தால் சாம்பல் டோன்கள் (வெளிர், அடர் அளவுகள்) எல்லாம் கறுத்துவிடும். வாட்டர் கலர் நிறங்களைச் சோதிக்க, ஒரு தாளில் ஒவ்வொரு நிறத்தையும் பட்டையாகப் பூசி, பாதியை அட்டையால் மூடி வெயில் படும் ஜன்னலில் மூன்று மாதம் ஒட்டிவையுங்கள். அலிசரின் கிரிம்சன் மாதிரி அழகான நிறங்கள் அங்கேதான் மாட்டிக்கொள்ளும். மூடிய பாதிக்கும் திறந்த பாதிக்கும் வித்தியாசம் தெரிந்தால் அந்த ட்யூபை ஒதுக்கிவிடுங்கள்.

நகரம் நம்மை விட்டுப் போகும் காலம் ஒன்றும் வரும். லௌரி வரைந்த தெருக்களில் பெரும்பகுதி அவர் உயிரோடு இருக்கும்போதே இடிக்கப்பட்டது, புகைபோக்கிகள் அடங்கின. பிற்காலத்தில் அவர் கடலையும், தனியாக நிற்கும் ஆட்களையும் வரையத் திரும்பினார். பழைய காட்சிகளைக் கேட்டு வந்தவர்களுக்கு அது ஏமாற்றமாக இருந்திருக்கலாம். எனக்கு அந்தக் கடல் படங்களில்தான் நகரம் போன இடத்தின் வெறுமை தெரிகிறது.

இடிக்கப்போகும் கட்டடம் என்று தெரிந்தால் வரையும் முறையே வேறு. அழகான கோணத்தைத் தேட நேரமில்லை. முதலில் எதிர்ப்பக்கத்திலிருந்து முழு முகப்பு, நேராக, சாய்வில்லாமல். பிறகு பக்கத்துக் கட்டடங்களோடு சேர்த்து ஒன்று, ஏனென்றால் உயர ஒப்பீடு அதில்தான் இருக்கும். அதன்பின் சேருமிடங்கள்: படி சுவரில் சேருமிடம், கூரை தூணில் சேருமிடம், கைப்பிடி வளையும் இடம். முகப்புப் புகைப்படம் யாரிடமாவது கிடைக்கும், சேருமிடம் யாரிடமும் இருக்காது. இடித்த பிறகும் ஒரு முறை போங்கள். பக்கத்து வீட்டுச் சுவரில், மறைந்த அறைகளின் சுண்ணாம்பு நிறம் மாடிக்கு மாடி தனியாகவும் படிக்கட்டு ஏறிய சாய்வு ஒரு கோடாகவும் தெரியும். புதுச்சுவர் எழும்பும்வரை சில வாரங்கள்தான் அது இருக்கும். புகைப்படக்காரர் யூஜீன் அட்ஜே பாரிஸில் சுமார் முப்பது ஆண்டுகள், 18க்கு 24 செ.மீ. கண்ணாடித் தகடுகளைச் சுமந்து, மறையப்போகும் வாசல்களையும் முற்றங்களையும் படிக்கட்டுகளையும் இப்படித்தான் ஒவ்வொன்றாக எடுத்தார்.

ஊரைவிட்டு வெளியே போனால்? கானலெட்டோ 1746-ல் இங்கிலாந்துக்குப் போய்ப் பல ஆண்டுகள் இருந்தார். தேம்ஸ் நதியின் மேலும் அவர் வெனிஸின் வெயிலையே வைத்துவிட்டார் என்ற விமர்சனம் இன்றும் உண்டு. பழகிய ஊரின் வெளிச்சம் கையில் ஊறிவிடுகிறது. புது ஊரில் முதல் வாரம் வரையாமல் நிறங்களை மட்டும் பட்டை பட்டையாகக் குறித்துக்கொண்டால் அந்தப் பழக்கம் கொஞ்சம் விடும்.

கடைசியாக, சலிப்பு. ஒரே இடத்துக்குத் தொடர்ந்து போகும் எவருக்கும் அது வரும். கண் பார்க்காமல் கை மட்டும் வரைய ஆரம்பிக்கும், ஜன்னல்கள் எல்லாம் ஒரே அளவில் வந்தால் அதுதான் அறிகுறி. இடத்தை மாற்றாதீர்கள், உயரத்தை மாற்றுங்கள்: ஒரு மாடி ஏறிப் பாருங்கள், அல்லது தரையில் உட்காருங்கள். மழை நாளில் போனால் தரை வானத்தைப் பிரதிபலித்து வெளிச்சமாக இருக்கும், டோன்கள் எல்லாம் மாறிவிடும். இரவில் போவதென்றால் வெள்ளைத் தாளை வீட்டில் வைத்துவிட்டு, நடுத்தரச் சாம்பல் தாளும் வெள்ளைப் பென்சிலும் கறுப்புப் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். விளக்குகளை முதலில் வெள்ளையால் வையுங்கள், பிறகு ஆழ்ந்த இருட்டைக் கறுப்பால், மற்றதெல்லாம் தாளின் சாம்பலே பார்த்துக்கொள்ளும். விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் போட ஆசை வரும், போடாதீர்கள். விளக்குக்குப் பக்கத்தில் இருக்கும் சுவரைச் சரியான டோனில் வைத்தால் ஒளி தானாக வரும்.